இரண்டு தடவைதான் கேட்டான்

மார்லிஸ் இன்னும் அந்த மூன்றாவது தடவைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள்.

போன வாரப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுத்துவிட்டு இன்னும் திரும்பக் கிடைக்காதவர்களுக்காக நாலு வரி முன்கதை. கிழவர் ஓர்வால் போய்ச் சேர்ந்து ஒரு குளிர்காலம் முழுசாகக் கழிந்துவிட்டது. கடைசி ஏழு வருஷம் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, ராத்திரி அவர் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் எழுந்து ஓடியவள் மகள் மார்லிஸ். மகன் ஆர்லன் இருப்பது காரில் கால் மணி நேரத் தூரத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டோனட் பெட்டியோடு வருவான், அப்பாவிடம் வானிலை பேசுவான், போய்விடுவான். அந்த ஆர்லன்தான் இந்தக் கோடையில் மனைவி ஜீனாவையும் கல்லூரியில் படிக்கிற இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நார்வேக்கும் அதை ஒட்டிய ஸ்வீடனுக்கும் கிளம்புகிறான். அப்பாவின் முன்னோர் நார்வே, அம்மாவின் முன்னோர் ஸ்வீடன். அங்கே வாடகைக்கு எடுக்கிற காரில் ஐந்து பேர் உட்காரலாம். போகிறவர்கள் நாலு பேர்.

ஆர்லன் அக்காவைக் கேட்காமல் இல்லை. பிப்ரவரியில் அவள் வீட்டு வாசலில் பனியை வழித்துக் கொடுத்துவிட்டு, ஷவலைச் சுவரில் சாய்த்தபடி கேட்டான்.

"நீயும் வர்றியா மார்?"

"ஐயோ, நான் எதுக்கு? உங்களுக்கு இடைஞ்சலா."

ஈஸ்டர் அன்றைக்குப் பன்றித்தொடையை வெட்டிக்கொண்டே இன்னொரு தடவை கேட்டான். "யோசிச்சியா?"

"எனக்கென்ன இருக்கு, நீங்க போயிட்டு சந்தோஷமா வாங்க."

அதோடு சரி.

நார்வேக்காரர்கள் வந்து குடியேறிய எங்கள் நோர்டால் ஊரில் பிறந்த எவருக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். காபி வேண்டுமா என்று ஒருவர் கேட்டால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால் உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால், அப்படியானால் அரைக் கோப்பை போதும் என்று சொல்லிவிட்டு முழுக் கோப்பையையும் குடிக்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் கையை நீட்டுகிறவனை எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் சொல்லிவிட மாட்டோம். அவன் எழுந்து போகிற வரை பொறுத்திருப்போம்.

ஆக, மார்லிஸ் சொன்ன இரண்டு 'வேண்டாம்'களுக்கும் 'எனக்கு வர ஆசை, இன்னொரு தடவை கேள்' என்றுதான் பொருள். ஆர்லன் இந்த மண்ணில் பிறந்தவன். அவனுக்குத் தெரியாதா?

தெரியும். அதனால் இதில் ஜீனாவின் கை இருக்கிறது என்று மார்லிஸ் முடிவு கட்டியிருந்தாள்.

ஜீனா நியூ ஜெர்சிக்காரி. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். கல்யாணமான புதிதில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, தட்டில் கடைசியாக ஒரே ஒரு எலுமிச்சைக் கேக் துண்டு கிடந்தது. கடைசித் துண்டை எங்களில் யாரும் எடுக்க மாட்டோம். ஒருத்தி பாதி வெட்டி எடுப்பாள், அடுத்தவள் மீதியில் பாதி, அப்படியே போய்க் கடைசியில் ஈ மொய்க்கிற அளவுக்கு ஒரு துணுக்கு மிஞ்சி, அது குப்பைக்குப் போகும். ஜீனா நேரே போய் முழுத் துண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "யாருக்கும் வேணாமா? நல்லாருக்கே!" என்றாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மார்லிஸ் அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறக்கவும் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அதே கீழ்த்தளத்தில் காபி ஊற்றிக்கொண்டிருக்கும்போது பெர்னிஸ் கிழவி பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீயும்தானே போற, மார்லிஸ்? நார்வேல இருக்கற அந்தப் பண்ணைக்காரங்களுக்கு முப்பது வருஷமா கடுதாசி எழுதினவ நீதானே?"

"பார்க்கலாம், பெர்னிஸ்."

"என்ன பார்க்கலாம்? ஆர்லன் கேக்கலியா?"

"கேட்டான், கேட்டான். ரெண்டு தடவ கேட்டான்."

பெர்னிஸ் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். சர்க்கரைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். துக்க வீட்டில்தான் அப்படி நகர்த்துவார்கள். மார்லிஸுக்குக் காது மடல் சுட்டது.

நியாயமாகப் பார்த்தால் அவள்தான் போக வேண்டியவள். ஹாலிங்டால் பள்ளத்தாக்கில் இருக்கிற அந்தப் பண்ணையையும், அங்கே இன்னும் ஆடு வளர்க்கிற தூரத்து உறவுக்காரி டூருனையும் கண்டுபிடித்தவள் அவள். இதே கீழ்த்தளத்தில் செவ்வாய்க்கிழமை வகுப்பில் நார்வே மொழி படித்தவள் அவள். அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அவர் தூங்குகிற வரை கட்டில் ஓரத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்தச் சாலை, இந்த ஏரி, இந்த மரத் தேவாலயம் என்று விரலாலேயே நடந்து பார்த்தவள் அவள். சொந்தக் காலால் பக்கத்து மாநிலமான சவுத் டகோட்டாவைத் தாண்டியதில்லை; பாஸ்போர்ட் மட்டும் எப்போதோ எடுத்து அலமாரியில் வைத்திருந்தாள். அவளுக்கு அறுபத்து மூன்று வயது. இந்த ஒரு பயணத்தைத் தவிர வாழ்க்கையில் வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டதில்லை என்றால் மிகையில்லை.

அன்றைக்கு மத்தியானம் ஆர்லன் வீட்டில் பயணத் திட்டம் போடக் கூப்பிட்டிருந்தார்கள். டூருனோடு திரையில் பேசவும் ஏற்பாடு. வழி தெரிந்தவள் இவள் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டதே கேட்பதற்காகத்தான் இருக்கும் என்று மார்லிஸ் நினைத்தாள். பேரீச்சம்பழக் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். நல்ல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள்.

சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடம். பிள்ளைகள் இருவரும் விடுதியில். ஆர்லன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஸ்வீடன்ல ரெண்டு நாள் போதும் மார். அம்மா பக்கத்து ஆளுங்க என்ன அப்படிப் பெருசா கிழிச்சாங்க?"

"அம்மா இருந்திருந்தா கரண்டியால போட்டிருப்பாங்க."

"அதான் இல்லியே. தைரியமா சொல்றேன்."

மார்லிஸுக்குச் சிரிப்பு வந்தது. தம்பி இப்படிப் பேசும்போது அவளுக்கு எப்போதும் பிடிக்கும்.

"இங்க பாரு," என்று விரலை வைத்தாள். "ஆஸ்லோல இறங்கி நேரா ஹாலிங்டால். டூருன் வீட்ல அஞ்சு நாள். அப்புறம் கிழக்கால வந்து எல்லையைத் தாண்டினா ஸ்வீடன், வார்ம்லாந்துப் பக்கம். எல்லைல யாரும் நிறுத்தக்கூட மாட்டாங்க, ஒரு பலகைதான் இருக்கும். ஆனா நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தின நாளே சாப்பாட்டுச் சாமான் வாங்கி வெச்சுக்கணும். அன்னிக்கு ஸ்வீடன்ல ஒரு கடை திறந்திருக்காது. நாடே போய்ப் புல்வெளில ஆடிக்கிட்டிருக்கும்."

"இதெல்லாம் நீ எப்படித் தெரிஞ்சுக்கிட்ட?" என்றாள் ஜீனா, அடுப்படியிலிருந்து. "நான் மூணு புக்கு வாங்கிப் படிச்சேன், அதுல இல்ல."

"சும்மா, அங்க இங்க கேட்டது."

"ஸ்டாக்ஹோம்?"

"அதுக்கும் மூணு நாள் இருக்கு. உனக்காகத்தான் வெச்சேன்."

ஜீனா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவளை உற்றுப் பார்த்தாள். என்னமோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கணினியில் மணி அடித்தது.

திரையில் டூருன். அங்கே சாயங்காலம். அவளுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் மலை. முப்பது வருஷமாகக் கடிதத்தில் படித்த அதே மலை. மார்லிஸ் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மார்லிஸ்! ஐயோ, நீயும் அங்கதான் இருக்கியா?" டூருன் திரைக்குள் முகத்தை நுழைத்துவிடுவாள் போல் முன்னால் வந்தாள். "உன் நெஞ்சு இப்ப எப்படி இருக்கு? நான் தினமும் உனக்காக ஜெபம் பண்றேன்."

"நெஞ்சா?"

"ஆர்லன் எழுதியிருந்தானே. டாக்டர் விமானத்துல ஏறவே கூடாதுன்னுட்டாராம். நான் அழுதுட்டேன் தெரியுமா? மாடி ரூம்ல உனக்குன்னு சுவருக்கு வெள்ளையடிச்சு வெச்சிருந்தேன். ஆத்தைப் பார்த்த ஜன்னல் வேணும்னு நீதானே எழுதின?"

ஆர்லன் நெற்றிக் கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு வரைபடத்தில் எதையோ தேட ஆரம்பித்தான்.

மார்லிஸின் நெஞ்சில் அறுபத்து மூன்று வருஷத்தில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. இப்போதுதான் முதல் தடவையாக வலித்தது.

இருந்தாலும் வளர்ந்த ஊர் ஒன்று இருக்கிறதே. வெளியாள் முன்னால் தம்பியைக் காட்டிக்கொடுப்பதா?

"ஆமா டூருன்," என்றாள். "இப்ப பரவால்ல. மாத்திரை சாப்பிடறேன்."

சொல்லிவிட்டு, புன்னகையும் செய்தாள். மீதிப் பேச்சு அவள் காதில் ஏறவில்லை. எந்த வண்டி, எத்தனை போர்வை, ஆட்டுப் பாலாடைக்கட்டி பிடிக்குமா, எல்லாவற்றுக்கும் ஆர்லன் பதில் சொன்னான். குரல் கொஞ்சம் சத்தமாக இருந்தது, அவ்வளவுதான். திரை அணைந்தது.

"என்ன நெஞ்சு?" என்றாள் ஜீனா.

ஆர்லன் வரைபடத்தை மடிக்க ஆரம்பித்தான்.

"உங்களத்தான் கேக்கறேன். மார்லிஸ், உனக்கு நெஞ்சுல என்ன?"

"ஒண்ணுமில்ல, விடு ஜீனா. காபி ஆறுது."

"காபி எக்கேடாவது கெட்டுப்போகட்டும். ஆர்லன், நீ என்கிட்ட என்ன சொன்ன? அவளுக்கு விமானம்னாலே நடுக்கம், கேட்டா சங்கடப்படுவா, அந்தப் பேச்சையே எடுக்காதன்னு சொன்னியா இல்லியா? நான் எத்தனை தடவ சொன்னேன், இரு நான் ஒரு வார்த்த கேக்கறேன்னு?"

"ஜீனா, ப்ளீஸ்."

"என்ன ப்ளீஸ்? இருபத்திரண்டு வருஷமா உங்க குடும்பத்துல எனக்கு வாய் நீளம்னு பேர். இருக்கட்டும். இன்னிக்காவது அது யாருக்காவது உதவட்டும்." அவள் நாற்காலியை இழுத்து மார்லிஸுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். "மார்லிஸ். காருல ஒரு சீட் காலி. நீ வர்றியா, இல்லியா? ஆமான்னு சொல்லு, இல்ல இல்லன்னு சொல்லு. நடுவுல இருக்கற எதையும் சொல்லாத, எனக்குப் புரியாது."

மூன்றாவது தடவை. கடைசியில் கேட்டவள் இவள்!

மார்லிஸின் வாய் பழக்கதோஷத்தில் 'ஐயோ, நான் எதுக்கு' என்று ஆரம்பிக்கத்தான் திறந்தது. அப்போது தம்பியின் முகம் கண்ணில் பட்டது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்ன சொல்வாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அந்த நிம்மதியைப் பார்த்ததும் அவள் ஆரம்பித்ததை விழுங்கிவிட்டாள்.

"வர்றேன்," என்றாள்.

"அப்பாடா!" ஜீனா மேஜையை ஓங்கித் தட்டினாள். "இதுக்கா மூணு மாசம்? இப்பவே டிக்கெட் பார்க்கறேன்."

ஆர்லன் எழுந்தான். "மார், உன் கார் டயர்ல காத்து கம்மியா இருக்கற மாதிரி இருந்தது. வா, பார்த்துடலாம்."

டயரில் ஒரு குறையும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். மார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் போனாள்.

முற்றத்தில் பனி பாதி உருகிச் சேறாகிக் கிடந்தது. ஏரியில் ஐஸ் கறுத்துவிட்டது. ஆர்லன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் ஒரு வாரத்துல உடைஞ்சுடும்," என்றான்.

"ஆர்லன்."

"நான் உன்னைக் கேட்டேன் மார். ரெண்டு தடவ கேட்டேன்."

"மூணாவது தடவ கேக்கலியே."

"கேட்டா வர்றேன்னுடுவ. அதான் கேக்கல."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்! மார்லிஸ் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். மறந்திருப்பான், அவசரத்தில் விட்டிருப்பான், பெண்டாட்டி தடுத்திருப்பாள் என்று ஈஸ்டரிலிருந்து அவனுக்காக அவள் எத்தனை சமாதானம் தேடியிருப்பாள். அவன் எண்ணியே கேட்டிருக்கிறான். எண்ணியே நிறுத்தியிருக்கிறான். ஊரில் யார் கேட்டாலும் 'கேட்டேனே' என்று சொல்லிக்கொள்ள இரண்டு, அவள் வராமல் இருக்க மூன்றாவது இல்லை. அவளுடைய வளர்ப்பையே எடுத்து அவளுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறான்.

"நான் உனக்கு என்னடா பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் கஷ்டம்." அவன் இன்னும் ஏரியைத்தான் பார்த்தான். "எல்லாம் நீ பண்ணின. அங்க போனதும் டூருன் கேப்பா, அப்பா எப்படிப் போனார், கஷ்டப்பட்டாரா, கடைசியா என்ன சொன்னார்னு. எல்லாரும் உன் மூஞ்சியப் பார்ப்பாங்க. நீ சொல்லுவ. அழகா சொல்லுவ. அப்புறம் என் பக்கம் திரும்புவாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

அப்பா போன அன்றைக்கு அவன் எங்கே இருந்தான் என்பது ஊருக்கே தெரியும். மான் வேட்டை ஆரம்பிக்கிற சனிக்கிழமை அது. ஆர்லன் காட்டில் மரத்துமேல் பரணில் உட்கார்ந்திருந்தான், போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு. மார்லிஸ் அன்று காலை முழுக்க அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் வந்து சேர்ந்தபோது அப்பாவின் முகத்தைத் துணியால் மூடியாகிவிட்டது. வேட்டைக்காரர்களின் அந்தப் பளீரென்ற ஆரஞ்சுக் கோட்டோடு கட்டில் அருகே நின்றான். கழற்றக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

"நான் அதைப் பத்தி உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டேனா?" என்றாள் மார்லிஸ்.

"கேக்கல. கேட்டுத் தொலைச்சிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் நீ பேசாம காபி ஊத்திக் குடுக்கறப்ப எனக்கு அந்தக் கோட்டு இன்னும் உடம்புல இருக்கற மாதிரி இருக்கு." அவன் குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "ரெண்டே வாரம் மார். அப்பா மண்ணுல போய் அவருக்குப் பிள்ளையா நிக்கணும். பக்கத்துல சாட்சி இல்லாம."

மார்லிஸுக்கு அவன்மேல் இரக்கம் வராமல் இல்லை. அதுதான் அவளுக்கே பொறுக்கவில்லை. இந்த இரக்கத்தை வைத்துத்தானே இத்தனை காலமும் எல்லாரும் அவள் தலையில் மிளகாய் அரைத்தார்கள்.

"நெஞ்சு வலின்னு எழுதினியே, கை கூசலியா உனக்கு? அவ எனக்காக அழுதிருக்கா."

"வேற என்ன எழுதறதுன்னு தெரியல."

"உண்மைய எழுதியிருக்கலாம்."

அவன் திரும்பினான். இப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தான்.

"நீ வர்றதா இருந்தா நான் போகல, மார்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். எதற்குக் காத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரே சைக்கிளுக்கு இருவரும் நின்றபோதும் இப்படித்தான் காத்திருந்தான். அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று பேச உட்கார்ந்த அன்றைக்கும் இப்படித்தான். 'சரி, விடு, நான் இருந்துக்கறேன்' என்று அவள் வாயிலிருந்து வரும். எப்போதும் வந்திருக்கிறது.

"சரி," என்றாள் மார்லிஸ்.

அவன் தோள் தளர்ந்தது.

"அப்ப நீ இங்க இரு."

"என்னது?"

"நீ இங்க இருன்னேன். ஏழு வருஷம் நான் இருந்தேன். ரெண்டு வாரம் உன்னால இருக்க முடியாதா?"

ஆர்லனின் முகத்தில் ஈயாடவில்லை. "நீ நிஜமாத்தான் சொல்றியா?" என்றான். மார்லிஸ் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, "மார், நிஜமாவா?" என்றான் மறுபடி.

வாசற்கதவு படாரென்று திறந்தது. ஜீனா காலில் செருப்புகூட இல்லாமல் கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"மார்லிஸ்! ஒரே ஒரு சீட்தான் காட்டுது! பாஸ்போர்ட்ல உன் பேர் எப்படி இருக்கு? எழுத்து எழுத்தாச் சொல்லு!"

ஆர்லன் அக்காவுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றான். அவன் கண்ணில் தண்ணீர். நோர்டாலில் ஆண்பிள்ளையின் கண்ணில் தண்ணீரைப் பார்த்தால் நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். மார்லிஸ் திரும்பவில்லை. அவனைப் பார்த்தபடியே, ஏரிக்கு அந்தக் கரையில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, தன் பெயரின் முதல் எழுத்தைக் கத்தினாள்.